எண்ணை நம்புவதா, கண்ணை நம்புவதா? – கடிதம்

அன்புள்ள சார்,

என் அக்காவுக்கு மனச்சோர்வு. மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. மனச்சோர்வு எவ்வளவு தீவிரம் என்று அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் 24 இருந்தது 16க்கு வந்துவிட்டது, நல்ல முன்னேற்றம் என்கிறார் டாக்டர். தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், உண்மைதான். ஆனால் பிள்ளை ஸ்கூல் விட்டு வந்தால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. எதை நம்புவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்காக இதையெல்லாம் தேடிப் படித்தவன், அவ்வளவுதான்.

எண்ணில் தப்பிருக்காது. எதையெல்லாம் கூட்டி அந்த எண் வந்தது என்று பாருங்கள். மாக்ஸ் ஹாமில்டன் 1960இல் வெளியிட்ட அளவுகோல் அது. 17 கேள்விகள். சோகத்துக்கென்று நேரடியாக ஒரே கேள்வி, அதிகபட்சம் 4. தூக்கத்துக்கோ மூன்று: படுத்தால் தூக்கம் வருகிறதா, நடுராத்திரி முழிப்பு வருகிறதா, விடியுமுன்பே எழுந்துவிடுகிறாரா. தலா 2, ஆக 6. பசிக்கு இன்னொரு 2. தூக்கமும் பசியும் முழுசாகத் திரும்பினாலே 8 குறைந்துவிடும். அக்காவுக்குக் குறைந்ததும் 8தான்! அப்படித்தான் குறைந்தது என்று சொல்லவில்லை, கேட்டுப் பார்க்கலாம். மிர்டாசபின் மாதிரி மாத்திரை தூக்கத்தையும் பசியையும் முதலில் கொண்டுவந்துவிடும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். செர்ட்ராலின் வகை மாத்திரைகள் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், தாம்பத்திய ஆசையைக் குறைக்கும். இவற்றுக்கும் அதே தாளில்தான் மதிப்பெண். மனசு லேசாகியிருக்கும், மொத்தம் அசையாது. 2008இல் உளவியலாளர் இர்விங் கிர்ஷின் குழு, மனச்சோர்வு மாத்திரைக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கும் சராசரி வித்தியாசம் 1.8 புள்ளிதான் என்று சொன்னதை இன்றும் வாட்ஸப்பில் சுற்றவிடுகிறார்கள். அந்த 1.8 இதே அளவுகோலில் வந்தது என்பதை யாரும் சேர்த்து அனுப்புவதில்லை.

டென்மார்க்கின் மனநல மருத்துவர் பேர் பெக் 1975லேயே 17இல் ஆறை மட்டும் பொறுக்கினார்: சோகம், குற்றவுணர்வு, வேலையில் ஈடுபாடு, பேச்சிலும் அசைவிலும் மந்தம், மனப் பதற்றம், உடல் அசதி. தூக்கமும் பசியும் அதில் கிடையாது. 1979இல் வந்த மோன்ட்கோமரி–ஆஸ்பெர்க் என்ற இன்னொரு மனச்சோர்வு அளவுகோலுக்கு, சிகிச்சையில் அதிகம் மாறிய பத்து அறிகுறிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அதிலும் தூக்கம், பசி உண்டு.

அம்மாவுக்கும் முதலில் தூக்கம்தான் வந்தது. எண் இறங்கியது, வாசலில் கோலம் மட்டும் விழவில்லை. டாக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு மாத்திரை அளவைக் கூட்டினார்.

ஆய்வுகளில் மதிப்பெண் பாதியாகக் குறைந்தால்தான் பலன் என்று கணக்கு, அக்காவுக்கு 12. அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். எந்தெந்தக் கேள்வியில் குறைந்தது என்று கேளுங்கள், பிள்ளை விஷயத்தையும் அப்படியே சொல்லுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்தவேண்டாம்.