எந்தக் கிளவுட் என்பதற்கு முன், கணக்கு யார் கையில்?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "போனில் 40 ஜீபி அளவில் படங்களும் வீடியோக்களும் இருக்கின்றன. காலமான கணவரின் பழைய அல்பப் படங்களையும் அதிலேயே எடுத்து வைத்திருக்கிறேன். போன் நிரம்பிவிட்டது. எனக்கு ஜீமெயில் திறந்து தந்த கடைக்காரத் தம்பி, 5 டீபி கணக்கு ஒன்று தருகிறேன், ஒருதரம் காசு கட்டினால் வாழ்நாளுக்கும் போதும் என்கிறார். கனடாவிலுள்ள மகன் தன்னுடைய கூகுள் பொதியில் என்னைச் சேர்க்கிறேன் என்கிறான். எது நல்லது? ஏற்றியபின் போனில் அழித்தால் படம் போய்விடுமா?"

கிளவுட் என்பது இணையத்தில் படங்களைச் சேமித்து வைக்கும் இடம். அதில் அந்த 5 டீபி, அதாவது ஏறத்தாழ 5000 ஜீபி, கணக்கை வாங்காதீர்கள். இப்படி விற்கப்படுபவை பெரும்பாலும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கல்லூரியின் அல்லது நிறுவனத்தின் பெயரில் திறந்தவை. அதன் நிர்வாகி நினைத்த நேரத்தில் பாஸ்வேர்டை மாற்றலாம், படங்களைப் பார்க்கலாம், கணக்கையே அழிக்கலாம். கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் கொடுத்துவந்த இடத்தைக் கூகுள் 2022இல் நிறுத்தி, ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டீபி என்று வரம்பு வைத்தது. அதன்பின் பல பல்கலைக்கழகங்கள் தேவையற்ற கணக்குகளைக் களைகின்றன. கணக்கு மறைந்தால் விற்றவர் வேறொன்று தருவார். படங்களை யார் தருவது?

மகனின் யோசனையும் சரிவராது. கூகுளின் குடும்பப் பொதியில் சேர்பவர்கள் எல்லாரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். அவர் காசு கட்ட விரும்பினால், உங்கள் கணக்குக்கே கட்ட ஒழுங்கு செய்யட்டும்.

உங்களுடையது அன்ட்ரொய்ட் போன் என்றால் கூகுள் போட்டோஸ் போதும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜீபி. ஜீமெயில், ட்ரைவ், வட்ஸ்அப் பேக்கப் எல்லாமே அதற்குள் அடங்கும். 100 ஜீபி பொதி உங்களுக்குத் தாராளம். மாதமாதம் கட்டாமல் வருடத்துக்குக் கட்டுங்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவென்றால் நமது வங்கிக் கார்டுகள் திடீரென்று மறுக்கும், ஏன் என்று கேட்டால் கிளையிலும் பதில் இராது. பணம் நின்றவுடன் படங்கள் அழியா. ஆனால் புதியவை ஏறா, ஜீமெயிலுக்கு மின்னஞ்சலும் வராது. இலவச 15 ஜீபிக்கு மேலாக 2 வருடம் கிடந்தால் அழிக்கப்படலாம். ஐபோன்காரருக்கு ஐக்ளவுட், அதில் இலவசம் 5 ஜீபி மட்டும்.

ஒரு விடயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் இதைக் கவனிப்பதேயில்லை. 2021 ஜூன் 1க்கு முன்னர் "ஹை குவாலிட்டி" என்ற தெரிவில் ஏற்றிய படங்கள் அந்த 15 ஜீபிக்குள் கணக்கிடப்படுவதில்லை, இன்றைக்கும்தான். உங்கள் கணக்கு அதற்கு முந்தியது என்றால், எவ்வளவு இடம் உண்மையில் பிடிபட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். "நிரம்பிவிட்டது, புதுக் கணக்கு திறப்போம்" என்று சொல்லி அந்தப் படங்களை இறக்கிப் புதிய கணக்கில் ஏற்றினால் சலுகை அதோடு போய்விடும். ஒவ்வொரு படமும் இடத்தைத் தின்னும். பழைய கணக்குக்கும் ஒருவரும் போகமாட்டார்கள். 2 வருடம் பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் அழிக்கலாம். ஆகவே நிரம்ப நிரம்பப் புதுக் கணக்கு திறக்க விடாதீர்கள்.

இனி ஏற்றும் வேலை. போட்டோஸில் பேக்கப்பை ஒன் செய்யுங்கள். தரத்தில் "ஸ்டோரேஜ் சேவர்" தெரிவு செய்தால் படங்கள் 16 மெகாபிக்சலுக்குள்ளும் வீடியோ 1080பீக்குள்ளும் சுருங்கும். அன்றாடப் படங்களுக்கு அது போதும். கணவரின் அல்பப் படங்களை ஏற்றும்போது "ஒரிஜினல்" தெரிவு செய்யுங்கள். சுருங்கியது திரும்ப விரியாது. வட்ஸ்அப்பில் வந்த படங்கள் தாமாக ஏறா. போனிலுள்ள கோப்புறைகளின் பட்டியலில் வட்ஸ்அப்பைத் தனியாக ஒன் செய்ய வேண்டும். பலர் படங்களைத் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

அப்லோட் வேகம், அதாவது ஏற்றும் வேகம், 5 எம்பீபீஎஸ் என்றால் 40 ஜீபி ஏற ஏறத்தாழ 18 மணித்தியாலம் ஆகும், 2 எம்பீபீஎஸ் என்றால் 44க்கு மேல். விளம்பரத்தில் போடுவது டவுன்லோட் வேகத்தை, இதற்கு அது உதவாது. உங்கள் பொதியில் இரவு டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் சார்ஜரில் போட்டு விடுங்கள். பற்றரி சேவரை நிறுத்தாவிட்டால் திரை அணைந்ததும் பேக்கப்பும் நின்றுவிடலாம்.

அழித்தால் போய்விடுமா? எங்கே நின்று அழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தைச் சாதாரணமாக அழித்தால் கிளவுட்டிலும் போகும். குப்பைக்கூடையில் 60 நாள் இருக்கும், பிறகு மீளாது. "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுத்தால் ஏறி முடிந்தவை மட்டும் போனிலிருந்து நீங்கும், கிளவுட்டில் இருக்கும். அதையும் உடனே செய்யாதீர்கள். வேறொரு கணினியில் உங்கள் கணக்கைத் திறந்து மிகப் பழைய படம், நேற்றைய படம், நீளமான ஒரு வீடியோ மூன்றும் திறக்கின்றனவா பாருங்கள். பார்த்து முடிந்ததும் அந்தக் கணினியில் கணக்கை மூடிவிட்டு வாருங்கள். ஐக்ளவுட்டில் போனில் அழித்தால் கிளவுட்டிலும் அழியும்.

கிளவுட் ஒன்று மட்டும் இருந்தால் அது காப்பு ஆகாது. 2004 சுனாமியிலும் இடப்பெயர்வுகளிலும் அல்பங்களைப் பறிகொடுத்த வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனை! வருடம் ஒருமுறை கூகுள் டேக்அவுட் மூலம் எல்லாவற்றையும் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். டேக்அவுட் தரும் இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகும். டிஸ்கை உப்புக்காற்று படாமல் காற்றுப்புகாத பெட்டியில், முடிந்தால் கடற்கரைக்குத் தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன் செய்ய வேண்டிய அலுவல் ஒன்று உண்டு. ஜீமெயிலைக் கடையில் திறந்ததால், மீட்பு இலக்கமாக, அதாவது பாஸ்வேர்ட் மறந்தால் குறியீடு வரும் நம்பராக, அவர்களுடைய போன் நம்பர் கிடக்கலாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் அதை எடுத்துவிட்டு உங்கள் நம்பரையும் மகனின் மின்னஞ்சலையும் போடுங்கள். பாஸ்வேர்டை வீட்டிலிருந்தே மாற்றுங்கள். அங்கேயுள்ள சாதனங்களின் பட்டியலில் உங்களுடையது அல்லாததை வெளியேற்றுங்கள். இருபடிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) ஒன் செய்து, அது தரும் 10 மாற்றுக் குறியீடுகளையும் கடதாசியில் எழுதிக் காணி உறுதியோடு வையுங்கள். றீலோட் பண்ணாமல் விட்ட சிம் துண்டிக்கப்பட்டு நம்பர் வேறொருவருக்குப் போனால், கணக்கைத் திறக்கும் குறியீடும் அவருக்கே போகும். கூகுளில் பேசி முறையிட ஓர் ஆளும் கிடைக்காது. அந்த நேரத்தில் கைகொடுப்பது அந்தக் கடதாசிதான்.