பழைய எம்ஜிபி திறந்த காரை வாங்கிப் புதுப்பிக்கலாமா?

பல ஆண்டுகளாகக் கராஜில் நிற்கும் 1973ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டரை (இரும்புக் கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பக்கத்து வீட்டுப் பெரியவர் மலிவாகத் தருவதாகவும், எஞ்சின் இறுகிக் கிடப்பதால் தயங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். இதே காரை இங்கிலாந்தில் வைத்து ஓட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: எஞ்சினை மறந்துவிடுங்கள், கதவுகளுக்குக் கீழே உள்ள இரும்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவான இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ், அதாவது தனி அடிச்சட்டம், கிடையாது. உடற்கூடே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. இரும்புக் கூரையும் இல்லாததால், முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்து நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும், ‘சில்’ எனப்படும் பெட்டி போன்ற பகுதியின் தலையில் விழுகிறது. சேறும் ஈரமும் அதற்குள் தங்கி உள்ளிருந்தே அரிப்பதால், வெளியில் பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே ஒன்றும் மிஞ்சாமல் போயிருக்கலாம்.

எனவே பெரியவரிடம் அனுமதி பெற்று, முதலில் கதவின் பின்விளிம்புக்கும் பின் மட்காட்டுக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். அது கீழே அகன்றும் மேலே குறுகியும் இருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது. பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியால் மெதுவாகத் தூக்கி, அந்த இடைவெளி மாறுகிறதா, கதவு இறுகுகிறதா என்று கவனியுங்கள். சிறு காந்தம் ஒன்றையும் கொண்டுபோங்கள். நான் பார்த்துவிட்டு வேண்டாமென்று வந்த ஒரு காரில், சில் முழுவதும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. காந்தம் மட்டும் ஓரிடத்திலும் ஒட்டவில்லை. அத்தனையும் துருவை மறைக்கப் பூசிய பட்டி.

சில் போயிருந்தால், பழைய துருவின் மேல் புதுத்தகடு வைத்து ஒட்டுவது பழுதுபார்ப்பு ஆகாது. மட்காட்டுகளின் அடிப்பகுதியை வெட்டி, உள்ளடுக்குகள் வரை அகற்றிப் புதியவற்றை வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி கட்டி இறுக்காவிட்டால் கூடு வளைந்துவிடும். அதன் பின் எந்தக் கதவும் சரியாகப் பொருந்தாது. கூலியில் பெரும்பகுதி இங்கேதான் கரையும். 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் முழுப் புதுக் கூடும் செய்து தருகிறது. ஆனால் அந்தப் பணத்துக்கு ஓடும் நிலையிலுள்ள நல்ல எம்ஜிபியே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

1798 சிசி எஞ்சின் எளிமையானது. சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டால் இளகக்கூடும். இளகாவிட்டாலும் உதிரிபாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. வயரிங், பிரேக், துணிக்கூரை ஆகியவற்றுக்கும் இதே நிலைதான்.

ஆகவே சில் உறுதியாக இருந்தால், எஞ்சின் இறுகிய வண்டியானாலும் வாங்குங்கள். அது போயிருந்து, வெல்டிங் வேலையும் உங்களுக்குத் தெரியாதென்றால், இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். விற்கும்போது செலவில் பாதிகூடத் திரும்புவது அரிது. இன்னொன்று: 40 ஆண்டு கடந்த கார் என்பதால் பிரிட்டனில் பொதுவாக வரி கட்ட வேண்டியதில்லை, ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. செலவு மிச்சம்தான், ஆனால் துருவைக் கண்டுபிடித்துச் சொல்ல வேறு ஆளில்லை என்பதால், நான் விரும்பியே அந்தச் சோதனைக்குக் காரைக் கொண்டுபோகிறேன்.