உயிரைப் பணயம் வைப்பது கலையா? ஜாக்கி சான் பற்றி ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சண்டைப் படங்களைப் பற்றிய உங்கள் குறிப்பொன்றில் ஜாக்கி சானைப் பெருங்கலைஞர் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். சிறுவயதில் அவர் படங்களை வாய்பிளந்து பார்த்தவன்தான் நானும். இன்று யோசித்தால், உயிரைப் பணயம் வைத்ததைத் தவிர அவர் திரையில் என்ன செய்தார் என்ற கேள்வி எழுகிறது. மாற்றாள் இல்லாமல் நடித்தார் என்பது எந்த அளவுக்கு உண்மை? சிறுவயதில் அடிபட்டு வளர்ந்ததால்தான் அவர் அப்படி ஆனார் என்று பலர் பெருமையாகச் சொல்வதும் எனக்கு உறுத்துகிறது. கடைசியாக, என் பத்து வயது மகளுக்கு அவர் படங்களில் எதை முதலில் காட்டலாம்?

கே.ஆர்.

அன்புள்ள கே.ஆர்.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. அதை வளர்த்துவிட்டதில் ஜாக்கி சானுக்கே பெரும்பங்கு உண்டு. 1981இல் வெளிவந்த 'கேனன்பால் ரன்' என்ற அமெரிக்கப் படத்தில் சிறிய வேடத்தில் நடித்தபோது, படத்தின் முடிவில் நடிகர்கள் வசனம் உளறிச் சிரிக்கும் துண்டுகளைக் காட்டும் வழக்கத்தை அவர் கண்டார். அதை ஹாங்காங்குக்குக் கொண்டுபோய், தானும் தன் குழுவினரும் தவறி விழுவதையும் அடிபட்டுத் தூக்கிச் செல்லப்படுவதையும் பெயர்ப் பட்டியலோடு காட்டத் தொடங்கினார். அதன்பின் ரசிகர்களின் பேச்சு முழுக்க முறிந்த எலும்புகளின் கணக்காகவே ஆகிவிட்டது. துணிச்சல் அவரிடம் ஏராளமாக இருந்தது. ஆனால் அவருடைய கலையில் அது இரண்டாம் இடத்தில் இருப்பது என்றே நான் நினைக்கிறேன். முதலிடம் தாளத்துக்கும், சண்டையைச் சட்டகத்துக்குள் கட்டி எழுப்பும் அறிவுக்கும்தான்.

'போலீஸ் ஸ்டோரி' (1985) படத்தின் இறுதிச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங்கின் சிம் சா சுய் பகுதியில் உள்ள வணிக வளாகம் ஒன்றில் படமாக்கப்பட்டது அது. மேல்தளத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து பாய்ந்து, பல மாடி உயரத்துக்கு மின்விளக்குச் சரங்கள் சுற்றப்பட்ட கம்பம் ஒன்றைப் பற்றிக்கொண்டு அவர் கீழே வழுக்கி வருகிறார். விளக்குகள் வெடித்துச் சிதறுகின்றன. கண்ணாடிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு தரையில் விழுகிறார். அவருடைய உள்ளங்கைகள் வெந்துபோயின, முதுகிலும் இடுப்பிலும் அடிபட்டது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. இனி அதைப் படமாகப் பாருங்கள். அந்தப் பாய்ச்சலை அவர் மூன்று கோணங்களிலிருந்து மூன்று முறை, அடுத்தடுத்து, முழுமையாகக் காட்டுகிறார். கதை நடக்கும் காலம் அங்கே நின்றுவிடுகிறது, பார்வையாளன் தன் கண்ணை நம்புவதற்கு இடம் கிடைக்கிறது. மூன்றாம் முறை தரையைத் தொட்டதும் ஒரு கணமும் தாமதிக்காமல் எழுந்து சண்டையைத் தொடர்கிறார். பாய்ந்தது துணிச்சல், மூன்று முறை காட்டுவதும், விழுந்த பின் நிற்காமல் எழுவதும் ஓர் இயக்குநரின் முடிவுகள். அந்தப் படத்தை இயக்கியவரும் அவரே.

அதே ஆண்டில் வெளியான 'தி புரொடெக்டர்' என்ற அமெரிக்கப் படத்தில் அவரே கதாநாயகன். உடல் அதே உடல், வயதும் அதே வயது. ஆனால் சண்டைகளை அமெரிக்க இயக்குநர் தன் முறையில் எடுத்தார். ஓங்கும் கை ஒரு ஷாட்டில், அதை வாங்கும் முகம் அடுத்த ஷாட்டில் என்று துண்டாடும் அந்த முறையில் யார் வேண்டுமானாலும் வீரனாகத் தெரியலாம், ஜாக்கி சானும் அந்த யாரோ ஒருவராகத்தான் தெரிகிறார். அதில் மனம் ஒப்பாமல், ஆசியாவில் வெளியிடுவதற்காகச் சில பகுதிகளைத் தானே திரும்ப எடுத்துச் சேர்த்தார். அதற்குப் பின் தன் வழியில் எடுத்துக் காட்டிய படம்தான் 'போலீஸ் ஸ்டோரி'. ஹாங்காங் திரைப்பட விருதுகளில் அது சிறந்த படமாகத் தேர்வாயிற்று. துணிச்சல் மட்டுமே அவர் கலையாக இருந்திருந்தால் இந்த இரண்டு படங்களுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருந்திருக்காது.

அவருடைய படங்களில் கேமரா பெரும்பாலும் அசையாமல், சற்றுத் தள்ளி, தலை முதல் கால் வரை தெரியும்படி நிற்கும். அடிப்பவரும் அடிபடுபவரும் ஒரே சட்டகத்தில் இருப்பார்கள். ஏணி, நாற்காலி, குடை என்று கையில் கிடைக்கும் பொருள் எதுவாயினும் அது எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே நம் கண்ணில் பட்டிருக்கும். நான்கைந்து அடிகள் வேகமாக விழும், பிறகு எல்லாம் ஒரு நொடி உறையும், மறுபடி தொடங்கும். பரதநாட்டியத்தில் ஜதியின் முடிவில் தீர்மானம் வந்து நிற்பதைப் போன்றது அந்த உறைதல். இது அவருக்குச் சீன மரபு மேடைக்கலையான பீக்கிங் இசைநாடகத்திலிருந்து வந்த சொத்து. அந்த மேடையில் சண்டை முரசுக்கும் தாளத் தட்டுக்கும் கட்டுப்பட்டது. உச்சத்தில் நடிகர் அசையாமல் நின்று பார்வையாளரைப் பார்ப்பது அதன் இலக்கணம். 'தி யங் மாஸ்டர்' (1980) படத்தில் கைவிசிறி ஒன்றைக் காலால் உதைத்து எழுப்பிக் கையில் பிடிக்கும் ஒரு சிறு ஷாட்டுக்கு நூறு முறைக்கு மேல் முயன்றிருக்கிறார்கள். விசிறியால் எந்த எலும்பும் முறியாது. அப்படியும் அதற்கு அவ்வளவு பாடுபட்டவரைச் சாகசக்காரர் என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இங்கே உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். ஜாக்கி சானின் இயற்பெயர் சான் கோங்-சாங். 1954இல் ஹாங்காங்கில் பிறந்த அந்தச் சிறுவனின் தந்தை பிரெஞ்சுத் தூதரகத்தில் சமையல்காரர். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் அமெரிக்கத் தூதரகத்தில் அவருக்கு வேலை கிடைத்தபோது, சிறுவனைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் யூ ஜிம்-யுவென் என்பவரின் இசைநாடகப் பள்ளியில் விட்டார்கள். விடியுமுன் எழுந்து இரவு வரை பயிற்சி, தலைகீழாக நிற்பது, பிரம்படி, ஒருவர் தவறு செய்தால் எல்லோருக்கும் தண்டனை. மேடையில் பிள்ளைகள் ஈட்டியது ஆசிரியருக்குப் போனது. எழுதப் படிக்கக்கூட ஒழுங்காகக் கற்றுத்தரவில்லை. பின்னாளில் ஹாங்காங் சண்டைப்பட நட்சத்திரங்களான சாமோ ஹங், யுவென் பியாவ் ஆகியோரும் அங்கே வளர்ந்தவர்களே. அந்தக் கொடுமைதான் அவர்களைக் கலைஞர்கள் ஆக்கியது என்ற பேச்சு எனக்கும் ஒப்பாதது. அதே அடியை வாங்கி, பெயர் தெரியாமல் போன பிள்ளைகளை அந்தப் பேச்சு எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களை உருவாக்கியது பயிற்சியின் நீளமும் மேடையின் இலக்கணமும். பள்ளியை விட்டு அவர்கள் வெளியே வந்த 1970களின் தொடக்கத்தில் இசைநாடகத்துக்குக் கூட்டம் இல்லை, குங்ஃபூ படங்களுக்கு இருந்தது. வேறு தொழில் தெரியாத அந்த உடல்கள் ஸ்டண்ட் வேலைக்குப் போயின. புரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யில் (1972) வில்லனுக்கு மாற்றாளாக உதைபட்டுப் பறந்தவர் ஜாக்கி சான்தான்.

1973இல் புரூஸ் லீ இறந்ததும் தயாரிப்பாளர்கள் அவருடைய நிழலைத் தேடி அலைந்தார்கள். படவாய்ப்பு இல்லாமல் பெற்றோரிடம் கான்பெராவுக்குப் போய்க் கட்டட வேலை செய்துகொண்டிருந்த ஜாக்கி சானை 1976இல் இயக்குநர் லோ வெய் அழைத்துவந்து, இறுகிய முகத்தோடு பழிவாங்கும் நாயகனாக வரிசையாக நடிக்கவைத்தார். படங்கள் ஓடவில்லை. 1978இல் வேறொரு நிறுவனத்துக்கு இரவலாக அனுப்பப்பட்டபோது, யுவென் வூ-பிங் இயக்கத்தில் 'ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷாடோ', 'டிரங்கன் மாஸ்டர்' என்று இரண்டு படங்கள் வந்து நிலைமையைப் புரட்டிப்போட்டன. அவற்றில் நாயகன் சோம்பேறி, குறும்புக்காரன், முதல் பாதி முழுக்க உதை வாங்குகிறவன். பின்னாளில் அவர் இன்னும் ஒருபடி மேலே போனார். எதிராளியைக் குத்திவிட்டுத் தன் கையை உதறிக்கொள்வார், முகம் சுளிப்பார், திரும்பி ஓடுவார். வலியை ஒப்புக்கொள்ளும் சண்டை நாயகன் அதற்கு முன் அரிது. அவர் நடிகரா என்று கேட்டால் அந்த முகச்சுளிப்பைத்தான் காட்டுவேன். அரை நொடியில் வந்துபோகும் அதற்காகத்தான் நாம் அடுத்த அடிக்குப் பதறுகிறோம்.

மாற்றாள் பற்றி: எல்லாவற்றையும் அவரே செய்தார் என்பது விளம்பரம். சில காட்சிகளில் அவருக்கும் மாற்றாட்கள் இருந்திருக்கிறார்கள். பெரிய ஆபத்துகள் பலவற்றை அவரே செய்தார் என்பதும் உண்மை; 'ஆர்மர் ஆஃப் காட்' படத்துக்காக யுகோஸ்லாவியாவில் மரத்திலிருந்து விழுந்து மண்டை பிளந்து அறுவைச் சிகிச்சை வரை போனது அப்படித்தான். ஆனால் புகழில் பங்கு கிடைக்காதவர்கள் அவருடைய ஸ்டண்ட் குழுவினர். 'போலீஸ் ஸ்டோரி'யின் தொடக்கத்தில் இரண்டடுக்குப் பேருந்து திடீரென நிற்க, மேல்தளக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஆட்கள் சாலையில் விழும் காட்சி இருக்கிறதல்லவா? அவர்கள் முன்னால் நிற்கும் காரின் மேல் விழவேண்டும் என்பது திட்டம்; பேருந்து முன்னதாகவே நின்றுவிட்டதால் நேராகத் தரையில் விழுந்தார்கள். அந்த ஷாட்டே படத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. ஹாங்காங் விருதுகளில் சண்டை அமைப்புக்கு 1980களிலேயே தனிப்பரிசு உண்டு. ஆஸ்கர் 2016இல் ஜாக்கி சானுக்குக் கௌரவ விருது கொடுத்தது, ஸ்டண்ட் வடிவமைப்புக்குத் தனிப்பிரிவு என்று அறிவித்தது 2025இல்தான். அதுவும் 2027இல் வரப்போகும் படங்களிலிருந்து.

ஹாலிவுட்டில் அவருக்குப் பெரும் வெற்றி தந்த 'ரஷ் ஹவர்' (1998) போன்ற படங்கள் பேச்சை நம்பியவை. அவற்றைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை.

உங்கள் மகளுக்கு 'புராஜெக்ட் ஏ' (1983) படத்தை முதலில் காட்டுங்கள். அதில் மணிக்கூண்டின் முள்ளைப் பற்றித் தொங்கி, துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு விழும் காட்சி, அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹெரால்டு லாயிடு 1923இல் கடிகார முள்ளில் தொங்கியதற்கு அவர் செலுத்திய வணக்கம். முடிந்தால் லாயிடின் 'சேஃப்டி லாஸ்ட்' படத்தையும் அதே வாரத்தில் காட்டுங்கள். லாயிடு, உயர்ந்த கட்டடக் கூரைமேல் அரங்கம் அமைத்து, கீழே தெரு தெரியும்படி கேமராவை வைத்து உயரத்தை ஏமாற்றிக் காட்டியவர். ஜாக்கி சான் நிஜமாகவே விழுந்தவர். எது அதிகம் பயமுறுத்தியது, எது அதிகம் சிரிக்கவைத்தது என்று அவளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். 'போலீஸ் ஸ்டோரி'க்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுக்கலாம். அதில் கண்ணாடி கொஞ்சம் அதிகமாகவே உடைகிறது.