தண்டுவடக் காயத்துக்குப் பின் நடைப் பயிற்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தம்பிக்கு வயது 29. உயரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குச் சற்று மேலே தண்டுவடம் அடிபட்டது. அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. அறிக்கையில் ‘முழுமையற்ற காயம், சி வகை’ என்று எழுதியிருக்கிறார்கள். கால்களை லேசாக அசைக்கிறான்; நிற்க முடியவில்லை. ரோபோ இயந்திரத்தில் பயிற்சி கொடுத்தால்தான் நடப்பான் என்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. அவனுடைய வாய்ப்பு பறிபோய்விடுமா?

பதில்: போகாது. முதலில் அந்த ‘சி’ என்ற எழுத்தைப் புரிந்துகொள்ளுங்கள். காயத்துக்குக் கீழே தசைகள் மூளையின் கட்டளைக்கு இயங்குகின்றன, ஆனால் அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை புவியீர்ப்பை எதிர்த்துக் காலைத் தூக்கும் அளவுக்கு இன்னும் வலுப்பெறவில்லை என்பதே அதன் பொருள். இந்த வகையில், குறிப்பாக இளவயதினரில், கணிசமானோர் ஏதேனும் ஒரு துணையுடன் நடக்கும் நிலையை எட்டுகிறார்கள். மீட்சியின் பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள் நிகழ்வதால், வரும் மாதங்களை வீணாக்கக் கூடாது.

இயந்திரத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கு ஓர் ஆய்வே பதில் சொல்கிறது. வட அமெரிக்க மறுவாழ்வு மையங்கள் சில சேர்ந்து, முழுமையற்ற காயமுற்ற 146 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கச்சையில் தாங்கி டிரெட்மில்லிலும் மற்றவர்களைத் தரையிலும் 12 வாரங்கள் பயிற்றுவித்தன. 2006இல் வெளியான முடிவில், இரு பிரிவினரின் நடைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இத்தகைய டிரெட்மில் பயிற்சியில் ரோபோ இயந்திரம் பயிற்சியாளரின் உழைப்பைக் குறைக்கும், அதிக அடிகள் எடுக்க உதவும். அது இல்லாவிட்டால் நடையே வராது என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

நடைக்குத் தேவையானது நடைதான். உள்ளங்காலில் உடலின் எடை இறங்குவதும், பின்தங்கும் காலின் இடுப்பு மூட்டு நன்றாகப் பின்னோக்கி நீள்வதும், காயத்துக்குக் கீழே உயிரோடிருக்கும் தண்டுவட நரம்பு வலைகளைத் தூண்டும் சமிக்ஞைகள். ஆகவே இணைக்கம்பிகளுக்கு இடையே நிற்கும்போது, முழு எடையையும் கைகளில் சுமக்காமல், கால்களுக்கு மெல்ல மெல்ல மாற்றப் பழக வேண்டும். முழங்கால் மடங்கினால் காலிப்பர் (காலில் கட்டும் தாங்கு சட்டம்) தாங்கும். அதைக் கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், உணர்வு குறைந்த இடத்தில் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. செயலிழந்த கால்களின் எலும்புகள் விரைவில் மெலிவதால், சிறு விழுதலிலும் முறியலாம். எனவே இயன்முறை மருத்துவர் கற்றுத் தந்து அனுமதிக்கும் வரை வீட்டில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டாம்.

சக்கர நாற்காலியைப் பயன்படுத்தாமல் தள்ளிப் போடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் வழக்கம். வீட்டுக்குள் வாக்கருடன் நடந்து, வெளியே நாற்காலியில் செல்வோர் பலர். அதில் உட்கார்ந்தால் நடை தடைபடும் என்ற அச்சம் தேவையில்லை. அது தோள்களையும் பயிற்சிக்கான தெம்பையும் காக்கிறது.

கேள்வி: முதுகில் மின்தூண்டல் கருவி பொருத்தினால் நடக்கலாம் என்ற செய்தி உண்மையா?

பதில்: 2018இல் அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் சில ஆய்வுக் குழுக்கள் அப்படி ஒரு சிலரை நடக்க வைத்தது உண்மை. அவர்கள் கருவியோடு பல மாதங்கள் கடும் பயிற்சியும் செய்தவர்கள். பெரும்பாலோருக்கு வாக்கர் போன்ற துணை தேவைப்பட்டது. இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. யாரேனும் இதைச் செய்து தருவதாகச் சொன்னால், முறையாக அனுமதி பெற்ற ஆய்வுதானா என்று ஆவணத்தோடு கேளுங்கள். நடை உறுதி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.