சூடு சட்டென்று ஏறும்போது வெப்பச்சலனச் சூத்திரம் ஏன் தப்பான விடை தருகிறது?

கேள்வி: தகட்டின் வெப்பம் மில்லிவினாடிகளில் ஏறினால், நீருக்குப் போகும் வெப்பத்தை வழக்கமான வெப்பப் பரிமாற்றக் குணகத்தால் கணக்கிடலாமா?

கூடாது. அந்தக் குணகம், அதாவது ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே வினாடிக்கு எவ்வளவு வெப்பம் போகும் என்ற எண், நிலையான ஓட்டத்துக்கானது. தகட்டையொட்டிச் சூடான நீரின் படலம் முழுத் தடிமனுக்கு வளர்ந்துவிட்டது என்று அது வைத்துக்கொள்கிறது. அந்தப் படலம் வளர நேரம் வேண்டும் அல்லவா?

சூடு ஒவ்வொரு τ நேரத்திலும் சுமார் 2.72 மடங்காகப் பெருகுகிறது என்று வைப்போம். τ 10 மில்லிவினாடி என்றால், வெப்பம் நீருக்குள் ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 0.04 மி.மீ. தான். தலைமுடியை விட மெல்லியது! அவ்வளவு மெல்லிய படலத்தில் நீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்பதற்கே பெரிதாக வேலையில்லை. வெறும் வெப்பக் கடத்தல்தான் நடக்கிறது. சமதளத் தகட்டுக்குக் குணகம் √(kρc/τ); இதில் k நீரின் வெப்பக் கடத்துதிறன், ρ அடர்த்தி, c வெப்ப ஏற்புத்திறன். நீருக்கு இது சதுர மீட்டருக்கு, கெல்வினுக்கு சுமார் 15,800 வாட். τ 1 வினாடி ஆனால் 1,580 ஆகக் குறையும். அப்போது நீரின் ஓட்டம் மறுபடி முக்கியமாகிவிடும். அதாவது, வேகமாகச் சூடாக்கினால் குணகம் குறைவதில்லை, கூடுகிறது. பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

சரி, இது எங்கே தேவை? 1961 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில் எஸ்எல்-1 அணு உலையில் சக்தி சுமார் 4 மில்லிவினாடி τ-வில் எகிறியது. மூவர் இறந்தார்கள். எரிபொருள் உருகி நீர் ஆவியாகி, உலைக் கலனே 2.7 மீட்டருக்கு மேல் எழும்பியது. அந்தச் சில மில்லிவினாடிகளில் நீர் எவ்வளவு வெப்பம் வாங்கும், எப்போது கொதிக்கும் என்று தெரிய இந்தக் கணக்குதான் வேண்டும்.