மேற்கோளும் பக்க எண்ணும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தமிழிலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகையின் முகவுரையில் உள்ள சில வரிகள், வேறோர் ஆய்வு நூலில் மேற்கோளாக எனக்குக் கிடைத்தன. அங்கே அடிக்குறிப்பில் 1937ஆம் ஆண்டுப் பதிப்பும் பக்க எண்ணும் தரப்பட்டுள்ளன. அதை அப்படியே என் ஆய்வேட்டில் எடுத்து எழுதிக்கொள்ளலாமா? (ஆய்வு மாணவி, திருநெல்வேலி)

பதில்: கூடாது. அடிக்குறிப்பில் ஒரு நூலைச் சுட்டினால், அதை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்தீர்கள் என்றே படிப்பவர் கொள்வார். நீங்கள் பார்த்தது அந்த ஆய்வு நூலைத்தான். ஆகவே அதன் ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைத் தந்து, முகவுரை வரிகள் அந்நூலில் எடுத்தாளப்பட்டவை என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். இதனால் ஆய்வேட்டுக்கு மதிப்புக் குறையுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். குறையாது, மூலநூல் எளிதில் கிடைக்கக்கூடியதாக இருந்தும் தேடவில்லை என்றால்தான் தேர்வாளர் முகம் சுளிப்பார். குறுந்தொகைப் பதிப்பு நூலகங்களில் கிடைக்கும் நூல்தான், எனவே ஒருநாள் ஒதுக்கி நேரில் பார்த்துவிடுவதே நல்லது.

நான் இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஒரு மேற்கோளைச் சரிபார்க்க நேர்ந்தபோது, மூன்று ஆய்வேடுகளில் அதற்குப் ‘ப. 112’ என்றே குறிப்பு இருந்தது. மூலநூலின் 112ஆம் பக்கத்தில் அந்த வரி இல்லை, 121இல் இருந்தது. முதலாமவர் இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார். மற்ற இருவரும் மூலநூலைத் திறக்காமலேயே அவரைப் பின்பற்றியிருக்கிறார்கள்.

நூலைப் பார்க்கும்போது அது எந்தப் பதிப்பு என்பதையும் கவனியுங்கள். குறுந்தொகையை 1915இல் முதலில் அச்சேற்றியவர் சௌரிப்பெருமாள் அரங்கனார்; உ.வே.சா. பதிப்பு அதற்குப் பின் வந்தது. பதிப்புக்குப் பதிப்புப் பாடம் (பாடலின் சொல்வடிவம்) வேறுபடக்கூடும் என்பதால், பாடல் எண்ணோடு பதிப்பாசிரியர் பெயரையும் தருவது அவசியம். உங்கள் கையில் இருப்பது மறுபதிப்பானால் அதன் ஆண்டையே எழுதுங்கள். மறுபதிப்பின் பக்க எண்ணுக்கு நேராக 1937 என்று போட்டால் இரண்டும் பொருந்தாமல் போகும்.

இடைநின்ற நூல் வழியாகவே மூலத்தை அறிய வேண்டிய நிலையும் தமிழில் உண்டு. முத்தொள்ளாயிரம் முழுநூலாகக் கிடைக்கவில்லை. பல நூல்களின் பாடல்களைத் திரட்டிய தொகைநூலான புறத்திரட்டைத் தொகுத்தவர் பாடல்களோடு நூற்பெயரையும் குறித்து வைத்ததால்தான் அதன் 108 பாடல்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ‘புறத்திரட்டில் உள்ளபடி’ என்று எழுதுவதே முறை. ‘என்றார் பிறரும்’ என்று மட்டும் சொல்லிக் கடந்துபோன உரையாசிரியர்களின் மேற்கோள்களுக்கு மூலம் தேடி அலைந்தவர்களுக்கு, அந்தத் தொகுப்பாளரின் அருமை தெரியும்.

கேள்வி: ஆய்வேடு பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் வந்தால் மேற்கோள் குறிப்பே தேவையில்லை என்கிறார்களே? (வாசகர், மதுரை)

பதில்: தவறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. அதையும் தாண்டினால் பதிவே ரத்தாகும். இவையெல்லாம் தண்டனைக்கான அளவுகள். பிறர் கருத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்ள 10 விழுக்காடு வரை உரிமை தரப்பட்டிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. உரிய குறிப்போடு காட்டிய மேற்கோள்கள் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை என்பதால், குறிப்பைத் தவிர்ப்பதால் உங்களுக்குத்தான் நட்டம். ஒருவரின் கருத்தைச் சொந்த நடையில் மாற்றி எழுதினாலும் குறிப்பு வேண்டும். மென்பொருளின் கண்ணுக்கு அது தப்பலாம், துறையறிந்த தேர்வாளர் கண்டுகொள்வார்.

கேள்வி: துணைநூற்பட்டியலில் தமிழ்ப் பெயர்களை எப்படி வரிசைப்படுத்துவது? திருக்குறளுக்குப் பக்க எண் தர வேண்டுமா? (விரிவுரையாளர், சேலம்)

பதில்: மேற்கோள் மென்பொருள்கள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எண்ணிக்கொள்கின்றன. ‘வையாபுரிப் பிள்ளை’ என்று இடம்விட்டுத் தட்டச்சு செய்தால் ‘பிள்ளை, எஸ். வையாபுரி’ என்று பட்டியலில் பகர வரிசைக்குப் போய்விடுவார். நம் வழக்கில் முன்னெழுத்துகள் பெரும்பாலும் ஊரையோ தந்தையையோ குறிப்பவை. எனவே இயற்பெயரை முதலில் நிறுத்தி, ‘வையாபுரிப்பிள்ளை, எஸ்.’, ‘சாமிநாதையர், உ. வே.’ என்று எழுதுங்கள்.

திருக்குறளுக்குக் குறள் எண் போதும். ஆனால் இன்று வழங்கும் எண் பரிமேலழகர் உரையின் வைப்புமுறையை ஒட்டியது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறுபடும். உரையை மேற்கோள் காட்டினால் உரைகாரர் பெயர், பதிப்பு, பக்கம் மூன்றும் வேண்டும். திருமந்திரத்திலோ பாடல் எண்ணே பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால், பாடலின் முதற்குறிப்பையும் (தொடக்கச் சொற்களையும்) சேர்த்து எழுதிவிடுங்கள்.