காற்சட்டைப் பையில் கைத்துப்பாக்கி: எடுப்பதற்கு முன்னால் பழக வேண்டியவை

கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரத்துடன் சிறிய கைத்துப்பாக்கி வைத்திருக்கிறேன். இரவில் கடையைப் பூட்டிவிட்டு வாகனத்துக்கு நடக்கும்போது அது காற்சட்டைப் பையில் இருக்கும். கொள்ளையர் வந்தால் விரைவாக எடுக்க வீட்டில் எப்படிப் பழகுவது? எந்தப் பை நல்லது?"

ஐயா, உங்களை நோக்கி ஏற்கெனவே துவக்கு நீட்டப்பட்டிருந்தால் பைக்குள் கையை விடாதீர்கள். பணத்தைக் கொடுத்துவிடுங்கள். விசையை அழுத்த அவனுக்கு நொடியில் ஒரு சிறு பங்கு போதும். உங்களுக்கோ துணி, உறை, பிடி என்று மூன்று தடைகள். 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி பொலிஸ் அதிகாரி டெனிஸ் டியூலர், கத்தியுடன் ஓடிவருபவன் 21 அடியை, அதாவது ஆறரை மீற்றர் அளவைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை நொடி போதும் என்று எழுதினார். பயிற்சி பெற்ற பொலிஸார் இடுப்பு உறையிலிருந்து எடுத்துச் சுடுவதற்கும் அவ்வளவு நேரம் ஆகும். காற்சட்டைப் பை அதைவிட மெதுவானது.

பைக்கு உள்ள ஒரே நன்மை, ஆபத்து தொடங்குமுன்பே கை யாருக்கும் தெரியாமல் பிடியில் இருக்கலாம் என்பதுதான். ஆகவே வேகத்தைவிடக் கவனிப்பைப் பழகுங்கள். கடை மூடும் நேரத்தில், எஞ்சினை நிறுத்தாமல் தலைக்கவசத்துடன் மோட்டார் சைக்கிளில் காத்திருக்கும் இருவரைக் கண்டால், உள்ளே திரும்பிப் போய் ஷட்டரை இறக்கி 119ஐ அழையுங்கள். எந்தத் துப்பாக்கியும் அதற்கு ஈடாகாது.

இனி வீட்டுப் பயிற்சி. ரவைகள் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். முதலில் மகசினை, அதாவது ரவைகள் அடுக்கியிருக்கும் கூட்டை, கழற்றுங்கள். பிறகுதான் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து குழலின் பின்முனையில் ரவை நிற்கும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். வரிசை மாறினால் மகசினிலிருந்து அடுத்த ரவை அந்த அறைக்குள் ஏறிவிடும். பயிற்சிக்கென விற்கும் போலித் துப்பாக்கி கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்காதீர்கள்.

விசையை முழுவதும் மூடும் பை உறை இல்லாமல் துப்பாக்கியைப் பையில் போடவே கூடாது. அந்தப் பையில் சாவியோ சில்லறையோ இருக்கக் கூடாது. கை உள்ளே போனதும் பிடியை இறுக்கி மூடினால் மூடிய கை பையின் வாயில் சிக்கிக்கொள்ளும். பெருவிரலைத் துப்பாக்கியின் பின்புறத்தில் தட்டையாக வைத்து, மற்ற விரல்களால் பிடித்து மேலே இழுங்கள். வெளியே வந்த பிறகே பெருவிரல் பிடியைச் சுற்றட்டும். சுட்டுவிரல் விசைக்கு வெளியே நீட்டியபடி இருக்க வேண்டும். உறை பைக்குள்ளேயே தங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். துப்பாக்கியோடு சேர்ந்து வந்தால் அந்த உறை உதவாது. கடைக்கு உடுத்தும் அதே காற்சட்டையுடன், மெதுவாகப் பழகுங்கள். கோவிலுக்கு வேட்டியில் போகும் நாளில் அது பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

திரும்ப வைக்கும்போது அவசரம் வேண்டாம். உறையை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் செருகி, பிறகு இரண்டையும் சேர்த்துப் பைக்குள் வையுங்கள். பைக்குள் கிடக்கும் உறைக்குள் குருட்டாம்போக்கில் செருகும்போதுதான் சொந்தத் தொடை சுடப்படும். வாரம் ஒருமுறை துப்பாக்கியில் சேரும் பஞ்சுத் தூசியையும் துடையுங்கள்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு முதல் தற்காப்பு உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அது இடம் தருவதில்லை. பணப்பையோடு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று நீதிமன்றத்தை நம்பவைப்பது மிகக் கடினம்.

எந்தப் பை என்றீர்கள். எழுதும் கைப் பக்கத்து முன்பை. பின்பையில் வைத்தால் உட்காரும்போது உறுத்தும், எடுக்கக் கை முதுகுப்பக்கம் போக வேண்டியிருக்கும், பின்னால் வருபவனுக்கும் எளிதில் எட்டும். பணப்பை எப்போதும் மறு கையில் இருக்கட்டும். வாகனத்தில் உட்கார்ந்த பிறகு முன்பையும் பயன்படாது. இடுப்பு மடிந்து பையின் வாய் மூடிக்கொள்ளும், இழுத்தால் குழல் உங்கள் காலையே நோக்கும். அங்கே கதவைப் பூட்டி வண்டியைக் கிளப்புங்கள்.